குயிக் ஹிட்ச் வாங்குவதற்கு முன் டேப்பை எடுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வாடகை டிராக்டருக்கு ஒரே நாளில் மூன்று வேலை. ஒன்பது கொழுக் கலப்பை, ரோட்டவேட்டர், விதைப்புக் கருவி. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் புழுதியில் நெல்லை விதைத்தாக வேண்டும். ஒவ்வொரு முறை கருவி மாற்றும்போதும் கடப்பாரையால் நெம்பி, இணைப்பு ஆணியான 'பின்'னைச் சுத்தியலால் அடித்து ஏற்ற இரண்டு ஆள் தேவைப்படுகிறது. டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே மாட்டும் குயிக் ஹிட்ச் இருந்தால் ஓட்டுநர் இறங்காமலேயே கருவியைத் தூக்கிவிடலாம். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டான பிடிஓ ஜாயிண்டுக்கும், பூட்டு விழுந்ததா என்று பார்ப்பதற்கும் மட்டும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இது அளவு பார்க்காமல் வாங்கும் பொருள் அல்ல. சாதாரண இணைப்பில் டிராக்டரின் பின்னால் கருவியைத் தூக்கும் கீழ் ஆர்ம் இரண்டும் தனித்தனியே அசையும், மேலே நடுவில் உள்ள டாப் லிங்க் நீளும், சுருங்கும். அதனால் எந்தப் பட்டறையில் அடித்த கலப்பையும் எப்படியோ மாட்டிக்கொள்ளும். குயிக் ஹிட்ச் என்பது கவிழ்த்த 'ப' வடிவ இரும்புச் சட்டம். மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு. மூன்றும் நகராது. கருவியின் மூன்று பின்னும் அந்த மூன்று இடத்தில் இருந்தால்தான் ஏறும். வருஷம் முழுக்க ஒரே கலப்பையை மாட்டி ஓட்டுபவருக்கு இந்தச் செலவே வேண்டாம்.

என்னென்ன அளக்க வேண்டும்

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கருவியிலும் நான்கு அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.

முதலில் பின் தடிமன். வெர்னியர் வைத்துப் பாருங்கள். இணைப்பின் அளவு வகையைக் கேட்டகரி என்பார்கள். கேட்டகரி 1 என்றால் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல்ப் பின் 19 மி.மீ. கேட்டகரி 2 என்றால் 28, 25. டிராக்டரின் ஆர்ம் முனையில் உள்ள பந்தில் எந்தத் துளை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டிராக்டர் ஒரு கேட்டகரியாகவும் கருவி இன்னொன்றாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம்.

இரண்டாவது, கீழ்ப் பின்கள் இருக்கும் இரண்டு பட்டைகளின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு உள்ள அகலம். கேட்டகரி 1-க்கு 683 மி.மீ., கேட்டகரி 2-க்கு 825 மி.மீ. என்பது சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 730 சொல்லும் அளவு. உள்ளூரில் அடித்த கலப்பைகள் இதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அகலம் கூடியிருந்தால் கொக்கி பட்டையில் போய் இடிக்கும். குறைந்திருந்தால் கருவி பக்கவாட்டில் ஆடும். ஆட்டத்தை வாஷர் போட்டுச் சரிசெய்யலாம், இடிப்பதைப் பட்டையை அறுத்து மாற்றித்தான் சரிசெய்ய முடியும்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் காலை வாருவது. கீழ்ப் பின்னின் மையத்திலிருந்து மேல்ப் பின்னின் மையத்துக்குச் செங்குத்தாக எவ்வளவு உயரம்? ஐ.எஸ்.ஓ. கணக்கில் கேட்டகரி 1 கருவிக்கு 460 மி.மீ., கேட்டகரி 2-க்கு 610. அமெரிக்க முறைப்படி செய்த சிறிய சட்டங்களிலோ மேல் கொக்கி 381 மி.மீ. உயரத்தில், அதாவது 15 அங்குலத்தில், நிற்கும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாங்கினால் வீட்டிலுள்ள ஒரு கருவிகூட ஏறாது. மேல் கொக்கியை மூன்று நான்கு துளைகளில் ஏற்றி இறக்கிப் பூட்டும்படி செய்த சட்டம் கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.

நான்காவது, பின்னுக்குக் கீழே உள்ள காலி இடம். கொக்கி அடியிலிருந்து மேலேறிப் பின்னை ஏந்துகிறது. அந்த வழியில் கலப்பையின் முன் ஆங்கிளோ போல்ட்டுத் தலையோ இருக்கக் கூடாது. பின்னுக்குக் கீழே நாலு விரல் இடமாவது வேண்டும். மேல்ப் பின் உள்ள இரண்டு பட்டைகளுக்கு நடுவே கொக்கி தாராளமாக நுழைகிறதா என்றும் பாருங்கள்.

கருவியைத் தயார் செய்வது

பெரும்பாலான சட்டங்களின் கீழ்க் கொக்கி வாய் ஏறத்தாழ 37 மி.மீ., மேல் கொக்கி வாய் 32 மி.மீ. அகலத்தில் இருக்கும். அதில் 22 மி.மீ. பின்னை அப்படியே உட்காரவைத்தால் உழும்போது முன்னும் பின்னும் இடித்து, பின்னும் தேயும் கொக்கியும் தேயும். டாப் லிங்க் வழியே சுமையை உணர்ந்து கருவியை ஏற்றி இறக்கும் டிராப்ட் கண்ட்ரோலும் இந்த ஆட்டத்தால் குழம்பி, கலப்பை ஏறி ஏறி இறங்கும். எனவே பின்மேல் செருகும் உருளையான புஷ் போட வேண்டும். தண்ணீர்க் குழாயை அறுத்துப் போடுவது பலர் செய்வது, அது சீக்கிரம் நசுங்கிவிடும். லேத் பட்டறையில் இ.என்.8 எஃகு ராடு கொடுத்து, வெளிவிட்டம் கொக்கி வாயைவிட அரை மி.மீ. குறைவு (கீழே 36.5, மேலே 31.5 மி.மீ.), உள்விட்டம் பின்னைவிட அரை மி.மீ. கூடுதல், நீளம் கொக்கியின் தடிமனைவிடச் சற்று அதிகம் என்று கடைந்து வாங்குங்கள். கருவி ஒன்றுக்குக் கீழே இரண்டு, மேலே ஒன்று. புஷ்ஷைப் பின்னோடு வெல்டு வைக்காதீர்கள். சுழலும் புஷ் எல்லாப் பக்கமும் சீராகத் தேயும்.

மேல்ப் பின் உயரம் பொருந்தாவிட்டால் நிமிர்ந்த பட்டைகளில் புதுத் துளை போடலாம். துளை மையத்திலிருந்து பட்டையின் ஓரத்துக்குத் துளை விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இரும்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் 12 மி.மீ. பிளேட்டில் காது அறுத்து இரண்டு பட்டைகளிலும் வெல்டு வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பின் வளையும். துளையை வெல்டிங் ராடால் ஊதித் துளைக்க விடாதீர்கள், டிரில் போடச் சொல்லுங்கள்.

டிராக்டரில் சட்டத்தை ஏற்றுவது

டிரெய்லர் கொக்கியை முதலில் கழற்றுங்கள், ஆர்ம் இறங்கும்போது சட்டம் அதில் இடிக்கும். சமதரையில் நிறுத்தி ஆர்மை இறக்கி, கை பிரேக் போட்டு, இன்ஜினை அணையுங்கள். சட்டம் 35 முதல் 50 கிலோ வரை இருக்கும், இரண்டு பேராகத் தூக்குவது நல்லது. கீழ் ஆர்ம் பந்துகளில் சட்டத்தின் பின்களைச் செருகி லாக் பின் போடுங்கள். டாப் லிங்கைச் சட்டத்தின் மேல் துளையில் பூட்டுங்கள்.

அடுத்து மட்டம். இரண்டு கீழ்க் கொக்கியும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று டேப்பால் அளந்து, வித்தியாசத்தை வலது ஆர்மின் லெவலிங் ஹேண்டிலால் சரிசெய்யுங்கள். கண்ணால் பார்த்து மட்டம் சொல்வதை இங்கே நம்ப வேண்டாம். அரை அங்குலம் பிசகினால் ஒரு கொக்கி ஏறும், மற்றது பின்னுக்கு அடியில் நிற்கும். ஆர்ம் பக்கத்துச் செயினை, சட்டம் நடுவில் இருக்கும்படி இரண்டு பக்கமும் சமமாக முறுக்குங்கள். ரோட்டவேட்டருக்கு இறுக்கமாகவும், கலப்பைக்குப் பக்கத்துக்கு 2 செ.மீ. தளர்வாகவும் இருக்கட்டும்.

கருவியை எடுப்பது

குயிக் ஹிட்சில் பாதி வேலை கருவியைக் கழற்றி வைக்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணல் தரையில் ரோட்டவேட்டரை அப்படியே இறக்கினால் ஒரு பக்கம் புதைந்து சாய்ந்துவிடும். மறுநாள் அதன் பின்கள் சட்டத்தோடு ஒத்துவராது. பனஞ்சட்டம் இரண்டைக் குறுக்கே போட்டு அதன்மேல் மட்டமாக இறக்கி வையுங்கள்.

எடுக்கும்போது கொக்கியைப் பூட்டும் லீவர்களைத் திறந்த நிலையில் வைத்து, மூன்று கொக்கியும் பின்களுக்குக் கீழே இருக்கும்படி ஆர்மை இறக்கி, நேராகப் பின்னால் வாருங்கள். கீழ்க் கொக்கி பின்னை எட்டுவதற்கு முன்பே மேல் கொக்கி பட்டையில் முட்டினால் டாப் லிங்கைச் சுருக்குங்கள். கீழ்க் கொக்கி சரியாக நின்றும் மேல் கொக்கி எட்டவில்லை என்றால் நீட்டுங்கள். மூன்றும் நேர்கீழே வந்ததும் மெதுவாகத் தூக்கி, பின்கள் உட்கார்ந்ததும் லீவரைப் பூட்டுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பாருங்கள். பிறகு கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, கீழ்க் கொக்கிகளின் தாழ் இரண்டும் முழுவதும் விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். டிராக்டர் பின்னால் வரும்போது யாரும் நடுவில் நிற்கக் கூடாது. "நான் தள்ளிவிடுறேன்" என்று வருபவரை அனுப்பிவிடுங்கள்.

பிடிஓ ஜாயிண்ட்

சட்டம் கருவியை ஏறத்தாழ 10 செ.மீ. பின்னுக்குத் தள்ளுகிறது. ரோட்டவேட்டர் ஜாயிண்ட் அதே அளவு வெளியே இழுபடும். உள்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளம், ஜாயிண்ட் அதிகம் நீளும் நிலையிலும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 540 ஆர்.பி.எம்.-இல் குழாய் வளைந்து பிய்த்துக்கொண்டு போகும். அப்படியானால் நீளமான ஜாயிண்ட் வாங்கியே ஆக வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

புது ஜாயிண்ட் நீளம் கூடுதலாக இருந்தால் வெட்டலாம். மிகவும் சுருங்கும் நிலையில் இரண்டு முனையிலும் 25 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். உள்குழாய், வெளிக்குழாய், இரண்டு பிளாஸ்டிக் கவசம் எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, கிரீஸ் தடவுங்கள். திரும்பச் செருகும்போது நடுவில் வரும் இரண்டு கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், மாறினால் அதிரும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சட்டத்துக்கு ஏற்ற நீளத்தில் உள்ள ஜாயிண்டோடு, சட்டம் இல்லாமல் அதே ரோட்டவேட்டரை மாட்டினால் குழாய் அடிமுட்டி, கியர்பாக்ஸ் பேரிங்கையோ பிடிஓ ஹவுசிங்கையோ உடைத்துவிடும். இரவல் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்.

முதல் முறை பிடிஓவை ஓட்டாமல் கருவியை முழு உயரத்துக்குத் தூக்கி, ஜாயிண்ட் சட்டத்தில் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் தூக்கும் உயரத்தைக் குறைத்து லீவருக்குத் தடை வையுங்கள்.

முன்பாரம்

400 கிலோ ரோட்டவேட்டர் 10 செ.மீ. பின்னே போனதும், பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கும் விசை கூடுகிறது. சட்டத்தின் எடை வேறு. கண்மாய்க் கரையில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விடுவது இதனால்தான். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். பம்பரில் எடைக்கட்டி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்றும் கருவேலமும்

தேவிபட்டினம், ஏர்வாடி போலக் கடலோரத்தில் சட்டத்தின் எதிரி துரு. தாழைத் தள்ளும் ஸ்பிரிங் உள்ளுக்குள் துருப்பிடித்தால் தாழ் பாதியில் நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே தெரியும். வாரம் ஒரு முறை லீவரை நாலைந்து தடவை இயக்கி, தானாகச் சட்டென்று திரும்புகிறதா என்று பாருங்கள். தயங்கினால் டீசல் விட்டுக் கழுவி, தாழின் அச்சில் கிரீஸ் அடியுங்கள். கொக்கி வாயில் மட்டும் கிரீஸ் வைக்காதீர்கள். மணலும் கிரீஸும் சேர்ந்து புஷ்ஷை அரத்தைப்போல ராவிவிடும், அங்கே எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும். உப்பு நிலத்தில் சேறாக உழுத அன்று நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கயிறு இழுத்துத் திறக்கும் வகைச் சட்டமாக இருந்தால் கயிற்றைத் தொங்கவிடாதீர்கள். வரப்போரச் சீமைக்கருவேலக் கிளை கயிற்றைப் பற்றி இழுத்தால், ஓட்டத்தில் தாழ் திறந்து ஒரு பக்கம் கழன்றுவிடும். கயிற்றைச் சுருட்டி இருக்கைக்குப் பின்னால் கொக்கியில் மாட்டுங்கள். தாழுக்குத் துளை இருந்தால் ஒரு லாக் பின்னும் போடுங்கள். கருவேலம் பிடுங்கிய நிலத்தில் முதல் உழவுக்கு, வேர்க்கட்டையில் கொழு மோதும் என்பதால், சட்டத்தைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டி உழுவதே மேல். டிரெய்லர் இழுக்கும் நாளிலும் சட்டத்தைக் கழற்றி வையுங்கள், திருப்பத்தில் டிரெய்லரின் முன்கட்டை அதில் இடிக்கும்.