வாரம் ஒரு நாள் வண்ணக் கண்ணாடி: மாணவர் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதும் சரியான இடத்தில் நிறுத்துவதும்

கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில், ஸ்டெயின்டு கிளாஸ் எனப்படும் வண்ணக் கண்ணாடி வேலையைச் சிறு குழு ஒன்றுக்குக் கற்றுத் தருகிறேன். வகுப்பு இரண்டரை மணி நேரம் நடக்கும். அதன் பிறகு ஆறு நாள்கள் வேலை அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். நாள்தோறும் பட்டறையில் உட்காருபவருக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எவ்வளவு நேர்த்தியாக வெட்டினோம் என்பதைப் போலவே, எந்தக் கட்டத்தில் வேலையை வைத்துவிட்டு எழுந்தோம் என்பதும் பொருளின் தரத்தைத் தீர்மானித்துவிடுகிறது. இத்தகைய வகுப்பை நடத்த எண்ணுபவர்களுக்கும் அதில் சேர்ந்து படிப்பவர்களுக்கும், எந்த வேலையை எந்த வரிசையில் எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தேவாலயச் சாளரங்களில் துண்டுகளை இணைப்பது ஆங்கில எச் எழுத்தின் குறுக்குவெட்டு கொண்ட ஈயச் சட்டம். புதியவர்களுக்கு அதைவிடச் செப்பு நாடா முறை எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் லூயி கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறை விளக்குக் கவிகைகளால் புகழ்பெறச் செய்த முறை அது. கண்ணாடியை வடிவப்படி வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பசையுள்ள மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றி, துண்டுகளை அடுக்கி, இடைவெளிகளின் மேல் ஈயப்பற்றை உருக்கி ஓடவிட வேண்டும். சொல்லும்போது ஐந்து வேலைகள்தாம். ஆனால் முதலாவதைக் கைவசப்படுத்தாமல் மற்ற நான்கும் ஒழுங்காக வருவதில்லை.

ஆகவே முதல் இரண்டு வாரங்களில் வண்ணக் கண்ணாடியை நான் கண்ணிலேயே காட்டுவதில்லை. சன்னல்களுக்குக் கண்ணாடி போடும் கடைகளில் ஓரமாகக் கிடக்கும் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தால் பயிற்சிக்குப் போதும். டஃபன்டு எனப்படும் கடினமாக்கப்பட்ட கண்ணாடியை மட்டும் வாங்கிவிடக் கூடாது. அதை வெட்டவே முடியாது, மீறினால் முழுத் தகடும் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கும். கண்ணாடியைக் கீறும் கருவியான கட்டரின் சிறு சக்கரத்தில் சிறிது மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ தொட்டுக்கொண்டு, ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே அழுத்தத்தில், நடுவில் நிற்காமல் ஒரே கீறலாக இழுக்க வேண்டும். கீறல் மங்கலாகத் தெரிகிறதே என்று அதன் மேலேயே இரண்டாம் முறை இழுப்பதுதான் புதியவர்கள் அனைவரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் சக்கரமும் கெடும், விரிசலும் தன் போக்கில் போகும். கண்ணாடியை அறுத்தெடுக்கிறோம் என்ற எண்ணமே தவறு. நாம் மேற்பரப்பில் ஒரு பலவீனமான கோட்டை உண்டாக்குகிறோம். முறிப்பது அதன்பின் வரும் தனி வேலை. கீறியவுடன் முறித்துவிட வேண்டும். கீறிய கண்ணாடியை முறிக்காமல் அடுத்த வாரத்துக்கு வைக்காதீர்கள் என்பதே நிறுத்தும் இடம் பற்றிய முதல் விதி.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் காலுக்கு மூடிய செருப்பும் அணியாதவரை மேசையருகே விடுவதில்லை. மேசையில் செய்தித்தாள் விரித்து, வகுப்பு முடிந்ததும் அதை அப்படியே மடித்து அகற்றுகிறோம். கையால் துடைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே மறக்கச் செய்ய வேண்டும்.

முதல் வேலையாக 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் குறுக்கே வெட்டி எட்டு முக்கோணங்கள் ஆக்கித் தருகிறேன். எல்லாம் நேர்க்கோடுகள், ஆனாலும் மன்னிக்காத வடிவம். ஒரு துண்டு ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் நடுப்புள்ளியில் எட்டு முனைகளும் சேராமல் விலகிக் காட்டும். வடிவத்தை இரண்டு படிகள் எடுத்து, இரண்டிலும் துண்டுகளுக்கு எண்ணிட்டு, ஒரு படியைப் பலகையில் ஒட்டி, மற்றொன்றை வெட்டிக் கண்ணாடி மேல் வைத்துக் குறிக்க வேண்டும். தாளை வெட்டும்போது கோட்டின் மேல் வெட்டாமல், துண்டுகளுக்கிடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் போகும்படி வெட்ட வேண்டும். நாடாவின் தடிப்புக்கும் அதனிடையே இறங்கும் ஈயத்துக்கும் அந்த இடம் வேண்டும். இதை விட்டவருடைய சதுரம் இறுதியில் 15 சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்திருக்கும்.

இரண்டாவது வேலை மாங்காய். கிருஷ்ணகிரியில் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்தது ஊர்ப்பற்றால் அன்று. கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகத்தைக் கிளிமூக்கு என்றும் அழைக்கிறோம் அல்லவா, அந்த மூக்குக்கு மேலுள்ள உட்குழிவுதான் பாடம். வெளிப்புறமாக வளையும் கோட்டைக் கண்ணாடி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். உட்புறமாக வளையும் கோட்டில் விரிசல், வளைவோடு திரும்பாமல் நேரே ஓடிவிடப் பார்க்கும். எனவே முதலில் உட்குழிவின் கோட்டைக் கீறி முறித்துவிட வேண்டும். அது உடைந்தாலும் நட்டம் ஒரு கீறலோடு போகும். மற்ற மூன்று பக்கங்களையும் அழகாக வெட்டிவிட்டு, கடைசியில் மூக்கை உடைத்துக்கொண்டவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உட்குழிவின் கோட்டைக் கீறிய பின், வெளியே எடுக்க வேண்டிய பகுதியில் பிறைபோல இரண்டு மூன்று கீறல்கள் போட்டு, வெளிப்புறப் பிறையிலிருந்து ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடித்து எடுத்துக்கொண்டே வர வேண்டும். எஞ்சிய பிசிறை வைரத்தூள் பதித்த கிரைண்டர் பார்த்துக்கொள்ளும். அதன் நீர்த்தொட்டி வற்றாமல் இருக்க வேண்டும் என்பதை என் மாணவர்களுள் கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்கு மட்டும் நான் சொல்ல நேரவில்லை. கல்லோ கண்ணாடியோ, உலர்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதை மற்றவர்களுக்கு அவரே விளக்கினார்.

மாங்காயைச் செந்தூராவாக்கி, தோளில் சிவப்பும் கீழே மஞ்சளும் வைக்க அனைவரும் விரும்புவார்கள். சிவப்பு, ஆரஞ்சுக் கண்ணாடிகளின் நிறம் பெரும்பாலும் செலினியம், காட்மியம் சேர்மங்களாலும், சில இளஞ்சிவப்புகளின் நிறம் பொன்னாலும் வருவதால், அவற்றின் விலை நீலத்தையும் பச்சையையும் விடக் கூடுதல். ஆகவே சிவப்பை முழுத் தகடாக வாங்காமல் துண்டுகளாக வாங்கி, தாள் வடிவத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்த பின்பே குறிக்க வேண்டும். நிறம் பூச்சாக இல்லாமல் கண்ணாடியின் உள்ளேயே இருப்பதால், நம் ஊர் வெயிலில் தொங்கவிட்டாலும் வெளுக்காது.

இனி, இந்த வகுப்பில் அதிகப் பொருள்களைக் கெடுத்த கட்டத்துக்கு வருகிறேன். வெட்டியும் தேய்த்தும் முடித்த துண்டுகளைக் கழுவித் துடைத்து வைத்தால் ஆறு நாள்கள் அல்ல, ஆறு மாதங்கள்கூட இருக்கலாம். செப்பு நாடா சுற்றிய பின் அப்படி இருக்க முடியாது. செம்பு காற்றில் கறுக்கும். விரல் வியர்வை பட்ட இடம் முதலில் கறுக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. நாடா சுற்றுவதையும் பற்றவைப்பதையும் ஒரே நாளில் முடிப்பதே சிறந்தது. முடியாதபோது, சுற்றிய துண்டுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி வைக்கலாம். கறுத்துவிட்டால் வினிகரில் உப்புக் கரைத்துத் துணியால் துடைத்து, நீரில் அலசி, நன்றாக உலர்த்தினால் செம்பு மீண்டும் பளிச்சிடும். ஈயம் ஒட்டுவதற்காகப் பூசும் ஃபிளக்ஸைத் தடவிய பிறகு நிறுத்துவதற்கோ மன்னிப்பே இல்லை. ஒருமுறை மின்சாரம் போனதால் ஃபிளக்ஸ் தடவிய நிலையிலேயே ஒரு மாங்காயை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்; அடுத்த வாரம் அது விளிம்பெல்லாம் பச்சை பூத்துத் திரும்பி வந்தது. நாடாவை உரித்து மீண்டும் சுற்ற வேண்டியதாயிற்று. மின்சாரம் போனால் முதலில் கழுவுங்கள், பிறகு புலம்பலாம்.

நாடாவின் அகலம் 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் இருந்தால் இருபுறமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மடியும். கண்ணாடி விளிம்பு நாடாவின் நடுவில் உட்கார வேண்டும். ஒருபுறம் சாய்ந்தால் முடிவில் கோடு தடித்தும் மெலிந்தும் தெரியும். மடித்த பின் மூங்கில் குச்சியால் அழுத்தித் தேய்த்து, சுருக்கமில்லாமல் படியவைக்க வேண்டும்.

பற்றவைப்பின் தத்துவம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சூடான பரப்பில் நவச்சாரத் தூளைத் தூவுவது, அழுக்கை நீக்கி வெள்ளீயத்தை ஒட்டச் செய்யத்தான். நம் ஃபிளக்ஸும் அதையே செய்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு, அதை மறக்கவே கூடாது: பாத்திரத்துக்குத் தூய வெள்ளீயம் பூசுவார்கள், நாம் உருக்கும் கம்பியில் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் உள்ளன. காரீயம் நஞ்சு. இந்த வெப்பத்தில் அது ஆவியாவது மிகக் குறைவு; எழும் புகை ஃபிளக்ஸின் புகை, அதற்குச் சன்னலும் மின்விசிறியும் வேண்டும். காரீயம் உடலுக்குள் போவது பெரும்பாலும் கை வழியாக வாய்க்குத்தான். ஆகவே வேலை மேசையில் தேநீரோ முறுக்கோ கூடாது, வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கருவுற்ற பெண்களையும் சிறு பிள்ளைகளையும் பற்றவைக்கும் நாளில் அறைக்குள் அனுமதிப்பதில்லை. உணவு வைக்கும் எந்தப் பொருளையும் இம்முறையில் செய்யக் கூடாது.

மின்னணுக் கடைகளில் கிடைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன், அதாவது பற்றவைக்கும் சூட்டுக்கோல், இதற்கு உதவாது. ஈயம் குழம்பு போல் இழுபடும். 80 அல்லது 100 வாட் உள்ளதும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடியதுமாக ஒன்று வேண்டும். கம்பியும் உள்ளே ரோசின் என்னும் பிசின் இல்லாத திடக் கம்பியாக இருக்க வேண்டும். முதலில் சந்திப்புகளில் ஒவ்வொரு பொட்டு வைத்து துண்டுகள் நகராமல் நிறுத்தி, பிறகு கோடுகளை நிரப்ப வேண்டும். ஒரே இடத்தில் முனையை அழுத்தி வைத்திருந்தால் கண்ணாடி வெப்பத்தால் விரிசல் விடும்.

மூன்றாவது வேலையைப் பெரும்பாலும் மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தருமபுரியிலிருந்து வரும் ஒருவர், அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனியைக் கிளையோடு செய்ய விரும்பினார். கனி எளிது, இலைதான் தடை. நெல்லியின் நுண்ணிய சிற்றிலை ஒவ்வொன்றும், இருபுறமும் மடியும் நாடாவுக்கடியிலேயே மறைந்துவிடும். கனியைக் கண்ணாடியிலும் இலைக்கிளையைச் செப்புக் கம்பியிலும் செய்யச் சொன்னேன். என் கணிப்பில் அந்த ஆண்டின் சிறந்த வேலை அதுவே. ஒகேனக்கல் அருவியை வரைந்து வருபவர்களுக்கு வேறு எச்சரிக்கை தேவைப்படுகிறது. நீர் விழுவதைக் காட்ட மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடுகளாக இழுத்தால், அந்தக் கோடுகள் கீல் போலாகி, தூக்கும்போது சட்டகம் மடங்கும். கோடுகளைப் பாறைகளால் இடைமறித்து ஒன்றுக்கொன்று விலகச் செய்தால் படமும் இயல்பாகும், வலிமையும் வரும். கண்ணாடியில் ஓடும் வரிகள் நீரின் திசையிலேயே அமையும்படி ஒவ்வொரு தாள் துண்டிலும் அம்புக்குறி இட்டுக்கொள்ள வேண்டும். இருபது துண்டுகளுக்கு மேல் போனால் வாரம் ஒரு நாள் வகுப்பில் ஆர்வம் முதலில் தீர்ந்துபோகிறது.

பற்றவைத்து முடித்ததும் பாத்திர சோப்பால் கழுவி, கோடுகளுக்குச் செம்பு நிறம் வேண்டுமென்றால் அன்றைக்கே பாட்டினா எனப்படும் நிறமேற்றும் கரைசலைப் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பூசினால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். செம்பு நிறப் பாட்டினாவின் அடிப்படை, மாந்தோப்புக்காரர்கள் போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லிக்கு வாங்கும் மயில்துத்தம்தான், கையுறை அவசியம். மீண்டும் கழுவி உலர்த்தி, கார் மெழுகைத் தடவித் துடைத்தால் நிறம் நிற்கும்.

தொங்கவிடும் வளையத்தை வெளி விளிம்பின் நாடாவில் மட்டும் பற்றவைக்காதீர்கள். எடை தாங்காமல் நாடா கண்ணாடியை விட்டு உரியும். இரண்டு துண்டுகள் சேரும் கோடு விளிம்பில் வந்து முடியும் இடத்தைத் தேடி, வளையத்தின் வாலை அந்தக் கோட்டுக்குள் ஒரு சென்டிமீட்டராவது இறக்கிப் பற்றவைத்து, முழுதும் ஆறிய பிறகே தூக்கிப் பாருங்கள்.