விருதுக்கு அனுப்புமுன்
எங்கள் கட்டடக் கலைஞர் சங்கத்தின் வடிவமைப்பு விருதுக்கு முதல்முறை 18 புகைப்படங்கள் அனுப்பினேன். வெட்டுத்தோற்றம், அதாவது கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டியதுபோல் உள்ளே காட்டும் வரைபடம், ஒன்றுகூட இல்லை. முதல் சுற்றிலேயே வெளியே. நடுவர் கையில் இருப்பது தாள்தான், கட்டடம் இல்லையே!

முதலில் விதிமுறையைப் படியுங்கள்: கட்டி முடித்த தேதிக்கு வரம்பு இருக்கும். சந்தா பாக்கியையும் கட்டிவிடுங்கள். அப்புறம் வரைபடம். வடக்குக் குறி கட்டாயம். படத்தைச் சுருக்கினால் ‘1:100’ (தாளில் 1 செ.மீ. என்றால் நிஜத்தில் 100 செ.மீ.) என்று எழுதியது பொய்யாகிவிடும். கோட்டு அளவுகோல், அதாவது மீட்டர் குறித்த ஒரு கோடு, படத்திலேயே போட்டால் அதுவும் சேர்ந்தே சுருங்கும். மெல்லிய கோடுகள் மறைகின்றனவா என்று ஒருமுறை அச்செடுத்துப் பாருங்கள்.

பெயரை மறைக்கச் சொன்னால் கோப்பின் பெயரையும் மாற்றுங்கள்; நான் இன்னொரு முறை மாட்டியது அங்கேதான். குறிப்பில் ‘இயற்கையோடு இயைந்த’ எல்லாம் வேண்டாம். மாலை வெயிலை எந்தச் சுவர் தடுக்கிறது என்று எழுதுங்கள். வீட்டுக்காரர், புகைப்படக்காரர் இருவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.