வண்ண ஓட்டு ஆமை: குரோஷே பின்னலில் ஒரு பஞ்சுப் பொம்மை

கொக்கி நுனியுள்ள ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே பின்னலில் முதன்முதலாகப் பஞ்சடைத்த பொம்மை செய்ய முற்படுபவர் கரடியையோ முயலையோ எடுத்துக்கொள்வதைவிட ஆமையை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கரடியின் முகம் சிறிது கோணினாலும் அது பார்ப்பவர் கண்ணை உறுத்தும். ஆமையில் கண்ணை முதலில் இழுப்பது ஓடு, அந்த ஓட்டுக்கு ஒரு வட்டத்தைக் கிண்ணமாகக் குழிக்கத் தெரிந்தால் போதும். ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று வீட்டுப் பெரியவர் யாரேனும் முணுமுணுத்தால், நூலில் பின்னிய ஆமைக்கு அந்தப் பழமொழி செல்லாது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரலாம். சிறு உருவங்களைச் சுற்றுச் சுற்றாகப் பின்னிப் பஞ்சடைக்கும் இம்முறை ஜப்பானிலிருந்து அமிகுருமி என்ற பெயரில் பரவியது. கீழே தரப்பட்டுள்ள கணக்கின்படி பின்னினால் அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள ஆமை கிடைக்கும்.

நூலும் ஊசியும்

நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல் இதற்கு மிகவும் ஏற்றது. பருத்தியில் ஒவ்வொரு கண்ணியும் (ஸ்டிச்) தெளிவாகத் தெரிவதால் எண்ணுவது எளிது. நூல் அதிகம் நீளாததால் பஞ்சடைத்த பின்னும் உருவம் மாறாது. கோடையில் வியர்த்த கையில் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. அக்ரிலிக் நூல் விலை மலிவு, நிறங்களும் ஏராளம். ஆனால் குழந்தை நாள்தோறும் தூக்கித் திரியும் பொம்மையில் சில மாதங்களிலேயே மேற்பரப்பில் சிறுசிறு உருண்டைகளாகத் திரளும். மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையும் கறுப்பு நூலையும் கை பழகும்வரை தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அவற்றில் கண்ணி எங்கே தொடங்குகிறது என்பதை விரல் தடவித்தான் கண்டறிய வேண்டியிருக்கும். ஐந்தாறு நிறங்களில் பத்துப் பத்து கிராம் போதும், ஆகவே முன்பு எதையோ பின்னி மிஞ்சிய நூல்களைப் பயன்படுத்தலாம். அவை எல்லாம் ஒரே தடிமனில் இருக்கின்றனவா என்பதை மட்டும் முறுக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்நிற நூல்களை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

நூல் சுருளின் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் ஊசி அளவு சால்வைக்கும் சட்டைக்கும் உரியது. பொம்மைக்கு அதைவிடச் சிறிய ஊசி வேண்டும்: சீட்டில் 4 மி.மீ. என்று இருந்தால் 3 மி.மீ. ஊசியை எடுங்கள். பொம்மையின் தரம் பெரும்பாலும் கண்ணிகளின் நெருக்கத்தைப் பொறுத்தது. தளர்ந்த பின்னலின் வழியே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும், ஓடு உப்பிக் கோணும், கால்கள் தொங்கும். பத்துக் கண்ணி அகலத்தில் ஒரு சிறு துண்டைப் பின்னி, விளக்குக்கு நேரே பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளிச்சம் பொட்டுப்பொட்டாகத் தெரிந்தால் இன்னும் அரை மி.மீ. சிறிய ஊசிக்கு மாறுங்கள். இவற்றுடன் சுற்றின் தொடக்கத்தைக் குறிக்க ஓர் ஊக்கு, மழுங்கிய முனையுள்ள பெரிய தையல் ஊசி, கத்தரிக்கோல், அடைப்பதற்குப் பாலியெஸ்டர் பஞ்சு ஆகியவை தேவை.

பின்னல் முழுவதும் ஒரே ஒரு கண்ணி வகையில், அதாவது சிங்கிள் குரோஷேயில் நடக்கிறது. முந்தைய சுற்றின் கண்ணித் தலைப்பிலுள்ள இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசியை நுழைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மீண்டும் நூலை மாட்டி இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு கண்ணி முடிந்தது. அமெரிக்கக் குறிப்புகளில் சிங்கிள் குரோஷே எனப்படும் இதையே பிரிட்டன் குறிப்புகள் டபுள் குரோஷே என்று சொல்லும் என்பதால், பிற குறிப்புகளைப் பார்த்துப் பின்னும்போது அவை எந்த நாட்டு வழக்கில் எழுதப்பட்டவை என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல்முறை நூலை இழுக்கும்போது நூலைக் கொக்கியின் மேலாகச் சுற்றாமல், கொக்கியை நூலின் மேலாகக் கொண்டுபோய்க் கவ்வி இழுத்தால், கண்ணி ‘வி’ வடிவுக்குப் பதிலாகக் குறுக்குக் கோடுகளாக விழும். இதில் பின்னல் மேலும் இறுகும். இரண்டில் எதையும் கையாளலாம், ஆனால் ஒரே பொம்மைக்குள் கலக்கக் கூடாது.

ஓடு

மஞ்சள் நூலை எடுத்து, நுனியில் ஏறத்தாழ 10 செ.மீ. விட்டு, சுட்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வளையத்துக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்து ஒரு சங்கிலிக் கண்ணி (நூலைக் கொக்கியில் மாட்டி, ஊசியிலுள்ள ஒரே வளையத்தின் வழியே இழுப்பது) போட்டு, பிறகு வளையத்துக்குள்ளேயே 6 கண்ணிகள் பின்னி, நுனி நூலை இழுத்து நடுத்துளையை மூடிவிடுங்கள். மேஜிக் ரிங் எனப்படும் இந்தத் தொடக்கம் கைவர நாளாகுமானால், இரண்டு சங்கிலிக் கண்ணி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதாக உள்ள சங்கிலிக்குள் 6 கண்ணிகளையும் பின்னலாம். நடுவில் ஒரு சிறு துளை மிஞ்சும், அவ்வளவுதான்.

இனிச் சுற்றுகளை இணைக்காமல், திருகு சுருளாகத் தொடர்ந்து பின்ன வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஊக்கை மாட்டி, அடுத்த சுற்று தொடங்கும்போது அதை மேலே நகர்த்துங்கள். ஒரே கண்ணிக்குள் இரண்டு கண்ணிகள் பின்னுவதைக் கூட்டல் என்று சொல்வோம். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் கூட்டல் செய்தால் 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணி, ஒரு கூட்டல் என்று ஆறு முறை பின்னினால் 18. நான்காம் சுற்றில் இரண்டு கண்ணி, ஒரு கூட்டல் என்று ஆறு முறை பின்னினால் 24. இப்படியே இடைக்கண்ணி ஒவ்வொன்றாக ஏற, ஐந்தாம் சுற்றில் 30, ஆறாம் சுற்றில் 36, ஏழாம் சுற்றில் 42 கண்ணிகள் வரும். எட்டாம் சுற்றிலிருந்து பதினொன்றாம் சுற்று வரை எதையும் கூட்டாமல் சுற்றுக்கு 42 கண்ணிகளாகவே பின்னுங்கள். தட்டையாக இருந்த வட்டம் தானாகவே விளிம்பு மடிந்து கிண்ணமாகும்.

சுற்றுக்கு ஏன் ஆறு மட்டும் கூட்டுகிறோம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். சிங்கிள் குரோஷே கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஒரு சுற்று முடியும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி அளவு வளர்கிறது. எனவே சுற்றளவு அதைப்போல 2π மடங்கு, அதாவது 6.28 கண்ணி அளவு வளர்ந்தாக வேண்டும். ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக இருப்பது இதனால்தான். அதைவிடக் குறைத்தால் குழியும், கூட்டினால் விளிம்பு கொசுவம்போல் அலையாடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் 1997இல் அளவுக்கு மீறிய கூட்டலையே பயன்படுத்தி ஹைபர்போலிக் தளம் என்ற அலையலையாக வளையும் கணித வடிவத்தைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். நமக்கு வேண்டியது ஆமைதான் என்பதால், ஐந்தாம் சுற்றிலேயே விளிம்பு அலையாடினால் எங்கோ ஒரு கூட்டல் அதிகமாகிவிட்டது என்று புரிந்துகொண்டு, அந்தச் சுற்றைப் பிரித்து மீண்டும் பின்னுங்கள். சுற்று முடிந்ததும் எண்ணிப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று சுற்றுக்கு முன் நேர்ந்த பிழையைத் தேடுவது மூன்று சுற்றையும் பிரிப்பதைவிடச் சிரமம்.

கூட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் வட்டம் லேசாக அறுகோணமாகத் தோன்றும். மற்றப் பொம்மைகளில் இதைக் குறையாகக் கருதிக் கூட்டல்களை இடம் மாற்றுவார்கள். ஆமை ஓட்டுக்கு அந்த அறுகோணம் பொருத்தமாகவே இருக்கிறது, அப்படியே விடலாம். கிண்ணம் எந்தப் பக்கமாகக் குழிகிறது என்பதையும் பாருங்கள். ஊசி எப்போதும் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி நுழைய வேண்டும். அது உள்ளிருந்து வெளியே வந்தால் உருவம் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள், சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் புரட்டிவிடலாம்.

நிறங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: முதல் இரண்டு சுற்று மஞ்சள், அடுத்த இரண்டு ஆரஞ்சு, பிறகு இரண்டு சிவப்பு, இரண்டு ஊதா, கடைசி மூன்று நீலம். நிறங்களை நீங்களே தேர்ந்தெடுப்பதானால், நூல்களை அருகருகே வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். படத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் இரண்டு நூல்களை அடுத்தடுத்து வைத்தால் பட்டைகள் எடுபடாது. நிறத்தை மாற்றும் இடம் முக்கியமானது. பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முழுதாக முடித்துவிடாமல், ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும்போதே புதிய நூலை மாட்டி இழுத்து முடிக்க வேண்டும். இல்லையெனில் புதிய பட்டையின் தொடக்கத்தில் பழைய நிறம் ஒரு புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். திருகு சுருளாகப் பின்னுவதால் பட்டைகள் சேரும் இடத்தில் ஒரு படி தெரியத்தான் செய்யும். புதிய நிறத்தின் முதல் கண்ணியை மட்டும் ஸ்லிப் ஸ்டிச்சாக (ஊசியை நுழைத்து இழுத்த நூலை, ஊசியிலுள்ள வளையத்தின் வழியாகவும் நேரே இழுத்துவிடும் கண்ணி) போட்டு, அடுத்த சுற்றில் அதன்மேல் வழக்கம்போல் பின்னினால் அந்தப் படி பெரிதும் மறையும். மிஞ்சியதை வால் பக்கமாகத் திருப்பி வைத்துவிடலாம். நூல் முனைகளை உட்புறத்தில் இரண்டிரண்டாக முடிந்து, 3 செ.மீ. விட்டு வெட்டினால் போதும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமையைப்போல் செய்ய விரும்புவோர், ஓடு முழுவதையும் கரும்பழுப்பில் பின்னி, அடிப்பகுதியை இணைப்பதற்கு முன் மஞ்சள் நூலால் கதிர்கதிராகத் தையலிடலாம். வண்ணப் பட்டை ஓட்டைவிட இதற்கு உழைப்பு அதிகம்.

அடிப்பகுதியும் அடைப்பும்

இளம்பச்சை நூலில் ஓட்டின் முதல் ஏழு சுற்றுகளை அப்படியே பின்னி, 42 கண்ணியில் நிறுத்துங்கள். நூலை வெட்ட வேண்டாம். ஓட்டையும் இந்த வட்டத்தையும் உட்புறங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, இரண்டின் கண்ணிகளிலும் ஒருசேர ஊசியை நுழைத்து, பச்சை நூலால் சிங்கிள் குரோஷே பின்னிக்கொண்டே வாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு வரம்பு எழும்பும். ஆமை ஓட்டுக்கு அது அழகு. 34 கண்ணிகள் ஆனதும் நிறுத்திப் பஞ்சை அடையுங்கள்.

பஞ்சை உருண்டையாக உள்ளே தள்ளினால் ஓட்டின்மேல் முண்டும் முடிச்சுமாகத் தெரியும். சிறு சிறு கொத்தாகப் பிய்த்து, விரலால் உதறி, முதலில் விளிம்போரங்களையும் கடைசியாக நடுவையும் நிரப்புங்கள். அழுத்தினால் மெல்ல மீண்டெழும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். கண்ணிகள் விரிந்து பஞ்சு தெரிந்தால் சிறிது எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் எளிதில் கிடைக்கும் இலவம்பஞ்சை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். தலையணைக்குள் கெட்டித் துணியுறை அதைக் காக்கிறது; பின்னலின் இடைவெளிகளிலோ அதன் வழுவழுப்பான இழைகள் கசியும், துவைத்தால் கட்டிதட்டும். அடைத்து முடித்து, மிச்சமுள்ள 8 கண்ணிகளையும் பின்னி மூடிவிடுங்கள்.

தலை, கால், வால்

தலையை மூக்கு நுனியிலிருந்து தொடங்க வேண்டும். பச்சை நூலில் 6, 12, 18 என்று மூன்று சுற்றுகள் வந்தபின், நான்காம் சுற்றில் ஒரு கண்ணி, ஒரு கூட்டல், ஒரு கண்ணி என்று ஆறு முறை பின்னி 24 ஆக்குங்கள். கூட்டல் இடம் மாறுவதால் தலை உருண்டையாக வரும். ஐந்து முதல் எட்டு வரை 24 கண்ணிகளாகவே பின்னுங்கள். ஒன்பதாம் சுற்றில் இரண்டு கண்ணி, ஒரு குறைத்தல் (இரண்டு கண்ணிகளை ஒன்றாக்குவது) என்று பின்னினால் 18, பத்தாம் சுற்றில் ஒரு கண்ணி, ஒரு குறைத்தல் என்று பின்னினால் 12. பதினொன்று முதல் பதின்மூன்று வரையிலான 12 கண்ணிச் சுற்றுகள் கழுத்தாகும். குறைக்கும்போது அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன்னிழைகளில் மட்டும் ஊசியை நுழைத்து, நூலை அவ்விரண்டின் வழியே இழுத்து, வழக்கம்போல் கண்ணியை முடித்தால், குறைத்த இடம் வெளியே தெரியாது.

கண்கள் ஐந்தாம், ஆறாம் சுற்றுகளுக்கு இடையில், தலையின் மேற்பக்கமாக ஆறு கண்ணி இடைவெளியில் அமைய வேண்டும். பின்புறம் வளையம் மாட்டிப் பூட்டும் பிளாஸ்டிக் கண்களை வைப்பதானால் பஞ்சடைப்பதற்கு முன்பே பூட்டிவிட வேண்டும். பொம்மை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கென்றால் அவை வேண்டவே வேண்டாம். பின்னல் தளர்ந்தால் கழன்று வாய்க்குள் போய்விடும். கறுப்பு நூலால் நான்கைந்து தையல் போட்டுக் கண்ணாக்குவது பாதுகாப்பானது, என் பார்வையில் அழகும் அதில்தான் கூடுதல். தலையையும் கழுத்தையும் இறுக்கமாக அடைத்து, தைப்பதற்கு ஒரு முழ நூல் விட்டு வெட்டுங்கள். கழுத்தில் பஞ்சு குறைந்தால் தலை தொங்கும்.

கால் ஒவ்வொன்றுக்கும் 6, 12 என்று தொடங்கி, மேலும் நான்கு சுற்று 12 கண்ணிகளாகப் பின்னி, லேசாகப் பஞ்சடைத்தால் போதும். நான்கு பின்னுங்கள். வாலுக்கு வளையத்தில் 4 கண்ணி, அடுத்த சுற்றில் 6, பிறகு ஒரு சுற்று 6, பஞ்சு தேவையில்லை.

தைப்பதற்கு முன் எல்லா உறுப்புகளையும் ஊக்குகளால் குத்தி நிறுத்திப் பாருங்கள். அடிப்பகுதியைக் கடிகார முகப்பாக எண்ணிக்கொண்டால், 12இல் தலை, 6இல் வால், 2, 4, 8, 10இல் கால்கள். கால்களை விளிம்பிலிருந்து இரண்டு சுற்று உள்ளே தள்ளி வைத்தால் ஆமை சாயாமல் நிற்கும். கழுத்தின் கீழ்ப்பாதியைப் பச்சை விளிம்பிலும் மேற்பாதியை ஓட்டின் கடைசிப் பட்டையிலும் தைத்தால் தலை சற்று நிமிர்ந்து பார்க்கும். ஒவ்வொரு உறுப்பையும் இரண்டு சுற்றுத் தைத்து, நூல் முனையை உடலுக்குள் செலுத்தி மறுபக்கம் இழுத்து ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அழுக்கானால் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு கலந்து கையால் அழுத்திக் கழுவி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். மேற்புறம் காய்ந்த பின்னும் உள்ளிருக்கும் பஞ்சில் ஈரம் தங்கும் என்பதால், அடைமழை நாட்களில் துவைப்பதைத் தவிர்த்து, நல்ல காற்றோட்டமுள்ள நாளாகப் பார்த்துத் துவைத்து இரண்டு நாளாவது உலரவிட வேண்டும்.