கொழுப்பு மரபணு என்கிறார்களே, அதை எப்படிச் சோதிப்பது? பழ ஈயோடு ஒரு தொடக்கப் பாடம்

காரைக்குடியில் என்னிடம் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பழ ஈ மரபணுக்களின் தகவல் தளமான ஃப்ளைபேஸில் ஒரு மரபணுவைப் பார்த்தேன். கொழுப்பு வளர்சிதை மாற்றத்தில் பங்கு இருக்கும் என்று கணிப்பு எனப் போட்டிருக்கிறது. யார் கணித்தார்கள்? நம்பலாமா?"

நல்ல கேள்வி. முதலில் கணிப்பு எதன் மேல் நிற்கிறது என்று பார்ப்போம்.

படி 1: மூன்றெழுத்தைப் படியுங்கள்

பழ ஈயின் மரபணுத் தொகுதி 2000-இல் வெளியானது. புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 14,000. பலவற்றுக்கு இன்னும் பெயர் இல்லை. ‘சிஜி’ என்று தொடங்கும் எண் மட்டும்தான். ஃப்ளைபேஸில் மரபணுவின் பக்கத்தில் ஜீன் ஆன்டாலஜி பகுதியை, அதாவது மரபணுவின் வேலையைச் சொல்லும் பகுதியைத் திறந்தால், ஒவ்வொரு வரியிலும் ஒரு மூன்றெழுத்துக் குறி இருக்கும். ‘ஐஇஏ’ என்றால் கணினி தானாகப் போட்டது. ‘ஐஎஸ்எஸ்’ என்றால் வரிசை ஒற்றுமையை வைத்துச் சொன்னது. ‘ஐஎம்பி’ என்றால் மரபணு கெட்டுப்போன ஈயில் என்ன மாறியது என்று யாரோ பார்த்திருக்கிறார்கள்.

வரிசை ஒற்றுமை என்பது ஜாடை மாதிரி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரம், அந்தக் கோர்வை இன்னொன்றைப் போல இருப்பதுதான் ஒற்றுமை. கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதிகள் பலவற்றில் கிளைசின், ஏதோ ஒன்று, செரின், ஏதோ ஒன்று, கிளைசின் என்று அமினோ அமிலங்கள் வரும் ஒரு அடையாளம் இருக்கும். ஆனால் ஐயாவின் ஜாடை இருக்கிறது என்பதற்காகப் பேரனும் பர்மாவில் லேவாதேவி பார்ப்பான் என்று சொல்ல முடியுமா? பழ ஈ முட்டையின் மஞ்சள் கருப் புரதங்களுக்கு அச்சாக லைப்பேஸ் குடும்பத்து ஜாடை. ஆனால் அவை நொதியாக வேலை செய்வதில்லை. எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இது.

படி 2: எங்கே வேலை செய்கிறது?

அதே பக்கத்தில் திசு வாரியான அட்டவணை இருக்கும். கொழுப்புத் திசுவிலோ குடலிலோ அளவு கூடுதலாக இருந்தால் கணிப்புக்குக் கொஞ்சம் பலம். விந்தகத்தில் மட்டும் இருந்தால் நான் யோசிப்பேன்.

படி 3: மிதக்கவிட்டுப் பாருங்கள்

செட்டிநாட்டுக் குழம்பில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்பது ஏன்? கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஈயின் முட்டையிலிருந்து வரும் புழு கொழுத்திருந்தால் அதுவும் அப்படித்தான், சர்க்கரைக் கரைசலில் சீக்கிரம் மிதந்துவிடும். இதை வீட்டிலேயே பழகலாம்.

இரண்டு பாட்டில்களில் கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போட்டு, ஒன்றில் மட்டும் நிறையச் சர்க்கரை கலந்துவிடுங்கள். ஈக்கள் வந்து முட்டையிட்டதும் அவற்றை விரட்டிவிட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். 25 டிகிரியில் ஐந்தாறு நாளில் புழுக்கள் சுவரில் ஏறும். அந்தப் பருவத்தில்தான் எடுக்க வேண்டும். சர்க்கரைப் பாட்டிலில் வளர்ச்சி தாமதமாகும், அதனால் நாளை எண்ணாமல் ஏறுவதைப் பாருங்கள்.

100 மில்லி தண்ணீரில் 5 கிராம் சர்க்கரை கரைத்து, ஒரு பாட்டிலின் 20 புழுக்களைத் தூரிகையால் கழுவி அதில் விடுங்கள். மற்றப் பாட்டிலுக்கும் தனியாக இதையே செய்யுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து, மிதப்பவற்றை எண்ணுங்கள். அப்புறம் ஒவ்வொரு கிராமாகச் சேர்த்து, நன்றாகக் கரைந்ததும் மறுபடி எண்ணுங்கள். பாதிப் புழுக்கள் எந்தக் கிராமில் மிதக்கின்றன என்று குறித்து வையுங்கள். உடம்பில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பிவிடும்.

சித்திரை வெயிலில் எனக்கு ஒரு தொகுதி முழுக்க வீணானது. 30 டிகிரி வாக்கில் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். இப்போது வீட்டு வளவில் (உள் முற்றத்தில்), ஆத்தங்குடிக் கல் தரையில், ஈரத்துணி சுற்றி வைக்கிறேன்.

படி 4: ஆய்வகத்தில் மரபணுவைத் தொடுவது

வீட்டில் வருபவை எல்லாம் ஆய்வகங்களில் வளர்க்கும் மெலனோகாஸ்டர் இனப் பழ ஈ அல்ல. அனனாசே இனமும் நம் ஊரில் சகஜம். அதனால் மரபணுவைச் சோதிக்க ஆய்வக ஈக்கள் தேவை. நைஜீரியாவில் கிடைத்த கொழுத்த ஈக்களிலிருந்துதான் வினிஃப்ரெட் டோன் என்ற ஆய்வாளர் ‘அடிபோஸ்’ மரபணுவைக் கண்டறிந்தார். 2005-இல் ‘பிரம்மர்’ என்ற லைப்பேஸ் மரபணு கெட்டால் ஈ கொழுப்பது தெரிந்தது. நீங்கள் சோதிக்கும் மரபணு கெட்ட புழுக்களையும் கெடாத உறவுப் புழுக்களையும் ஒரே உணவில் வளர்த்து மிதக்கவிடுங்கள். மிதப்பில் வித்தியாசம் வந்தால், உடம்பில் சேமித்த கொழுப்பான ட்ரைகிளிசரைடின் அளவையும் பாருங்கள். பிறகு நல்ல மரபணுவைத் திரும்பப் புகுத்தி, புழு பழைய நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். குழாய்களில் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதி, எண்ணும் வேலையை எது எதுவென்று தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.