நோட்ஜேஎஸ்ல மைஎஸ்க்யூஎல் கனெக்ட் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேணாம்

புதுசா வர்ற பசங்க கோடை ரிவ்யூ பண்ணும்போதெல்லாம் அதே தப்புங்கதான் திரும்பத் திரும்ப வருது, பாதி நானும் ஒரு காலத்துல பண்ணதுதான், அதான் எழுதி வச்சிடலாம்னு. பாஸ்வேர்டோட கோடை கிட்ஹப்ல ஏத்தாதீங்க, யூசர் டைப் பண்ணதை அப்படியே ஒட்டி க்வெரி கட்டாதீங்க, இதெல்லாம் எல்லா டுடோரியல்லயும் இருக்கு, விட்டுடறேன்.

எடுத்த கனெக்ஷனைத் திருப்பி வைக்காம போறது

இன்னிக்கும் எனக்கு கடுப்பேத்தறது இதுதான். மைஎஸ்க்யூஎல்2 பேக்கேஜ்ல பூல் (திறந்து வச்ச கனெக்ஷன்களை மாத்தி மாத்தி எடுத்துக்கற தொகுப்பு) போட்டா டீஃபால்ட்டா 10 கனெக்ஷன் வரைக்கும். பூல்.க்வெரி, பூல்.எக்ஸிக்யூட்னு நேரா கூப்பிட்டா எடுக்கறது, திருப்பி வைக்கறது எல்லாம் அதுவே பாத்துக்கும். ட்ரான்சாக்ஷன் (பல க்வெரியும் ஒண்ணா நடக்கணும், இல்ல எதுவுமே நடக்கக்கூடாது) வேணும்னு கெட்கனெக்ஷன் போட்டு நீங்களா ஒண்ணைக் கையில எடுக்கறீங்க பாருங்க, அங்க ஆரம்பிக்குது. எடுத்தாச்சு, பிகின் போட்டு ட்ரான்சாக்ஷனை ஆரம்பிச்சாச்சு, ஸ்டாக் இருக்கானு பாத்தாச்சு, இல்லையா, உடனே 400 (ரிக்வெஸ்ட் சரியில்லனு சொல்ற ஹெச்டிடிபி கோட்) அனுப்பி ரிட்டர்ன். ரிலீஸ் பண்ற லைன் எங்க? ஃபங்ஷன் கடைசில பத்திரமா இருக்கு, கோடு அங்க போகவே இல்ல. வாடகை சைக்கிளை எடுத்துட்டுப் போனவன் தெருமுனைல போட்டுட்டு வீட்டுக்குப் போன மாதிரி, பத்து பேர் இப்படிப் பண்ணா கடை காலி.

கொடுமை என்னன்னா எர்ரரே வராது. பதினொன்னாவது ரிக்வெஸ்ட் க்யூல நிக்கும், அந்த க்யூவுக்கு டீஃபால்ட்டா லிமிட்டே கிடையாது. லாக்ல ஒண்ணும் இருக்காது, சிபியு சும்மா இருக்கும், ப்ரவுசர்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்.

தெரிஞ்சவர் ஒருத்தர் கடையோட ஆர்டர் ஆப் தினம் சாயங்காலம் இப்படித்தான் நின்னுடும். ஸ்டாக் தீர்றது சாயங்காலம்தானே, அப்பதான் நிறைய பேருக்கு அந்த 400 போகும். எழுதின தம்பியைக் கேட்டா, "சர்வர் ஸ்லோ ண்ணா, மணிக்கொரு தடவை ரீஸ்டார்ட் ஆகற மாதிரி கிரான் (நேரம் வச்சுத் தானா ஓடற வேலை) போட்டிருக்கேன்"ங்கறான். ரீஸ்டார்ட் பண்ணா பத்தும் புதுசா வந்துடும், சரியாயிட்ட மாதிரியே தெரியும், அதனாலயே யாரும் கோடைத் திறந்து பாக்கல. அடுத்து பூலோட கனெக்ஷன் லிமிட்டை 100 ஆக்கினான். பிஎம்2ல (நோட் ஆப்பை ஓட்டி வைக்கற டூல்) நாலு ப்ராசஸ் ஓடுது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பூல், ஆக 400 கனெக்ஷன் வரைக்கும் போகும், மைஎஸ்க்யூஎல் டீஃபால்ட்டா விடறது 151. இப்ப 'டூ மெனி கனெக்ஷன்ஸ்'னு எர்ரர், அதே டேட்டாபேஸை நம்பி ஓடின பில்லிங்கும் சேர்ந்து படுத்துடுச்சு.

இதோட போச்சா? பிகின் போட்டுட்டுத் தொலைஞ்ச கனெக்ஷன், தான் லாக் பண்ண ரோவையும் விடாது. அதே பொருளை வாங்க வர்ற அடுத்த ஆள் 50 செகண்ட் காத்திருந்து 'லாக் வெயிட் டைம்அவுட்' வாங்கிட்டுப் போவார். கனெக்ஷன் லிஸ்டைக் காட்டற ஷோ ப்ராசஸ்லிஸ்ட் பாத்து ஒண்ணும் புரியாது, பூல்ல சும்மா இருக்கறதும் ஸ்லீப்தான், தொலைஞ்சதும் ஸ்லீப்தான். இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவுல இன்னோடிபி_டிஆர்எக்ஸ்னு ஒரு டேபிள் இருக்கு, முடியாம கிடக்கற ட்ரான்சாக்ஷன் எப்ப ஆரம்பிச்சதுனு அங்க தெரியும்.

பண்ண வேண்டியது இவ்வளவுதான். கெட்கனெக்ஷன் லைன் ட்ரைக்கு வெளிய, மீதியெல்லாம் ட்ரைக்குள்ள, கேட்ச்ல ரோல்பேக் (பண்ணதை ரத்து பண்றது), ஃபைனலில ரிலீஸ். நடுவுல ரிட்டர்ன் பண்ணாலும் ஃபைனலி ஓடும், ஆனா கேட்ச் ஓடாது, அதனால ஸ்டாக் இல்லன்னா ரிட்டர்ன் பண்ணாம எர்ரரா த்ரோ பண்ணுங்க. ரோல்பேக் இல்லாம வெறும் ரிலீஸ் இன்னும் மோசம், பாதி ட்ரான்சாக்ஷனோட அது பூலுக்குப் போகும், அடுத்து எடுக்கறவர் பிகின் போட்டதும் மைஎஸ்க்யூஎல் பழசை தானா கமிட் பண்ணிடும், கேன்சலான ஆர்டர் பாதி சேவ் ஆகி நிக்கும். அப்படியே க்யூலிமிட்டுக்கும் ஒரு நம்பர் குடுத்துடுங்க, ஹேங் ஆகறதுக்கு எர்ரர் வர்றதே மேல்.

ரூட் யூசர்

எல்லா அனுமதியும் இருக்கற யூசர் அது, லோக்கல்ல கூட வேணாம்.

பூல் இல்லாம ஒரே கனெக்ஷன்

வெய்ட்_டைம்அவுட் டீஃபால்ட் 28800 செகண்ட், அதாவது 8 மணி நேரம், அவ்வளவு நேரம் சும்மா இருந்தா மைஎஸ்க்யூஎல் கனெக்ஷனை வெட்டிடும். ராத்திரி யாரும் வரலன்னா காலைல முதல் கஸ்டமருக்கு எர்ரர்.

லூப்புக்குள்ள க்வெரி

50 ஆர்டர் காட்ட 51 க்வெரி, லிஸ்டுக்கு ஒண்ணு, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒண்ணு. ஜாயின் போடுங்கப்பா.

எமோஜி

பழைய மைஎஸ்க்யூஎல் டேபிள்ல கேரக்டர் செட் (எழுத்தை எப்படி சேவ் பண்றதுங்கறது) யூடிஎஃப்8னு போட்டிருந்தா அது ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைக்கும்தான் எடுக்கும். தமிழ் எழுத்து எல்லாம் 3 பைட்ல அடங்கிடும், அதனால தமிழ்ல டெஸ்ட் பண்ணி ஓகேனு விட்டுடுவீங்க, எவனோ ஒருத்தன் ரிவ்யூல ஒரு சிரிப்பு எமோஜி போடுவான், அது 4 பைட், இன்சர்ட் ஃபெயில். யூடிஎஃப்8எம்பி4 போடுங்க. 8.0ல அதுதான் டீஃபால்ட், ஆனா வெர்ஷன் ஏத்தினா மட்டும் பழைய டேபிள் தானா மாறாது, ஒவ்வொண்ணா ஆல்டர் பண்ணணும், அதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கோங்க.