மூன்று வகுப்புகளுக்கும் ஒரே பாடம்: புதிய வரலாற்று ஆசிரியர்களுக்கு

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளின் வரலாறும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? தனித்தனியாகப் பாடக்குறிப்பு எழுதி இரவுகளைத் தொலைக்க வேண்டாம். நிகழ்வு ஒன்றையே எடுங்கள். வகுப்புக்கு வகுப்பு கேள்வியை மட்டும் மாற்றுங்கள். கி.பி. 79இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் நகரம் புதைந்ததை வைத்துச் செய்து காட்டுகிறேன்.

படி 1: சான்றுகள்

மூன்று போதும். அங்கே கிடைத்த கருகிய ரொட்டியின் படம், அந்தப் பேரழிவை நேரில் கண்ட ரோமானியர் இளைய பிளினியின் இரு கடிதங்களிலிருந்து சில வரிகள், 2018இல் அந்நகரச் சுவர் ஒன்றில் கண்டறியப்பட்ட கரி எழுத்தின் படம். இறந்தவர்களின் வடிவங்களைக் காட்டும் சாந்து வார்ப்புகளை ஆறாம் வகுப்பில் முன்னறிவிப்பின்றிக் காட்டாதீர்கள். அவை சிலைகள் அல்ல.

படி 2: ஆறாம் வகுப்பு – என்ன தெரிகிறது?

ஊர்ப்பெயர் சொல்லாமல் ரொட்டிப் படத்தைக் கொடுங்கள். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, கண்ணால் கண்டதை ஒரு பக்கமும் ஊகித்ததை மறுபக்கமும் எழுதுங்கள். ரொட்டியில் உள்ள கீறல்களை யாராவது எண்ணத் தொடங்குவார்கள். பாடம் அங்கேதான் பிடிக்கும். பிறகு கதையைச் சொல்லுங்கள். நூற்றாண்டுக்கு 10 செ.மீ. என ஒரு கயிற்றில் காலக்கோடு கட்டினால், அந்த நாள் நம்மிடமிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி நிற்கும்.

படி 3: ஏழாம் வகுப்பு – யார் சொன்னது?

பேரழிவின்போது பிளினிக்கு வயது 17. வளைகுடாவின் எதிர்ப்புறம் இருந்தார்; உதவப் போன மாமா உயிரிழந்தார். பல ஆண்டுகள் கழித்தே, வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டதற்காகப் பிளினி அந்தக் கடிதங்களை எழுதினார். அவரே கண்டதை ஒரு நிறத்திலும் கேட்டறிந்ததை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

படி 4: எட்டாம் வகுப்பு – எதை நம்புவது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிளினியின் மூலக் கடிதம் இன்று இல்லை. கையால் படியெடுத்தவையே உள்ளன. அவற்றில் முக்கியமான கையெழுத்துப் பிரதி ஒன்று, எரிமலை வெடித்த நாள் ஆகஸ்ட் 24 என்கிறது. கரி எழுத்தின் தேதியோ அக்டோபர் 17! எரிமலை வெடித்த பிறகு அங்கே யார் எழுதியிருக்க முடியும்? ஆனால் அதில் ஆண்டு இல்லை. முந்தைய ஆண்டு எழுதியதாக இருக்கலாம் என்று ஓர் அணியும், கரி அவ்வளவு காலம் தாங்காமல் எளிதில் அழிந்துவிடுமே என்று இன்னோர் அணியும் வாதிடட்டும். தேதியைப் படியெடுத்தவர் தவறியிருக்கலாமா என்ற கேள்வியும் எழும்.

முதன்முறை நடத்தியபோது, மணியடிக்கும் நேரத்தில் என் கருத்தைச் சொல்லிவிட்டேன். உடனே நோட்டுகளை மூடிவிட்டார்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். எந்த அணியின் பக்கம் நின்றாலும், சொன்ன ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டினால் முழு மதிப்பெண்.