பட்டியலில் பெயர் இருந்தால் சிப்பாய் ஆகிவிடுவாரா? இங்கிலாந்து மிலிஷியா ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் வாழ்க்கைப்பட்டது நார்த்தாம்டன்ஷயர் குடும்பம் ஒன்றில். பேரன் பிறந்த பிறகு சம்பந்தியம்மாவும் நானும் சேர்ந்து அவர்கள் வம்சாவளியைத் தேட உட்கார்ந்தோம். முன்னோர்களில் ஒருவர் சிப்பாய் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அதற்கு ஆதாரமாகச் சம்பந்தியம்மா எடுத்துக் காட்டியது 1777-ஆம் ஆண்டு மிலிஷியா பட்டியலில் இருந்த ஒரே ஒரு வரி. பெயர், நெசவாளி, பக்கத்தில் 'ஏழை, மூன்று பிள்ளைகள்'. அத்தனை பிள்ளைகள் உள்ள ஏழைக்குப் படையிலிருந்து விலக்கு உண்டு. அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான் அந்த நெசவாளி அந்த முறை படைக்குப் போகவில்லை என்பதற்குச் சாட்சி. அதைக் கவனிக்காமலே மூன்று தலைமுறை கடந்திருந்தது.

மிலிஷியா என்பது முழுநேர ராணுவம் அல்ல. ஒவ்வொரு கவுண்டியும் தன் ஊர் ஆண்களைக் கொண்டே திரட்டி வைத்த காப்புப் படை அது. கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி; கவுண்டி கிரிக்கெட் என்று கேட்டிருப்போமே, அதே கவுண்டிதான். 1757-இல் வந்த சட்டம் இந்தப் படையைப் புதிதாக அமைத்தது. 18 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னது. 1762-இல் மேல் வயது 45 ஆகக் குறைந்தது. ஊர்க் காவலர் பட்டியல் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தேவாலயக் கதவில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் அதிகாரிகள் கூடும் நாளில் போய் முறையிடலாம். அதன் பிறகுதான் சீட்டுக் குலுக்கல். சீட்டு விழுந்தவர்கூட நேரே படைக்குப் போக வேண்டும் என்பதில்லை. பதிலாள் ஒருவரைக் கொடுக்கலாம், அல்லது 10 பவுண்டு கட்டி அந்தத் தவணைக்குத் தப்பிக்கலாம்.

ஆக, பட்டியலில் பெயர் இருப்பது ஒன்று, சீட்டு விழுந்தது ஒன்று, உடுப்பு மாட்டிக்கொண்டு அணிவகுத்தது இன்னொன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதும் ஓட்டுப் போட்டதும் ஒன்றா? இதுவும் அப்படித்தான். மிலிஷியா ஆவணத்தைக் கையில் எடுத்ததும் முன்னோர் பெயரைத் தேடாதீர்கள். இது எந்த வகைப் பட்டியல், யார், எதற்காக எழுதியது என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெயர் இல்லையென்றால் ஆளே அந்த ஊரில் இல்லை என்று முடிவு கட்டுவது. பிரபுக்கள், பாதிரியார்கள், தொழில் பழகும் பையன்கள், கடலோடிகள், ஏற்கெனவே மிலிஷியாவில் இருந்து முடித்தவர்கள் என்று விலக்குப் பெற்றவர்கள் பலர். இவர்களையும் குறிப்புடன் எழுதி வைத்த காவலர்கள் உண்டு. எழுதாமலே விட்டவர்களும் உண்டு. மக்களுக்கு இந்தக் குலுக்கல் அறவே பிடிக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1761 மார்ச் 9 அன்று ஹெக்ஸம் ஊரில் இதை எதிர்த்துக் கூடிய கூட்டத்தின் மீது யார்க்ஷயர் மிலிஷியா சுட்டதில் சுமார் 50 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லவும், நாள் பார்த்து ஊரைவிட்டுப் போய்விடவும் ஆட்களுக்குக் காரணம் இருந்தது. ஒரு வருடம் இல்லாத பெயர் அடுத்த பட்டியலில் வரலாம். எனவே கிடைக்கும் எல்லா வருடங்களையும் பாருங்கள். ஹர்ட்ஃபர்ட்ஷயரில் பல வருடப் பட்டியல்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அங்கே ஒரே ஆளை வருடாவருடம் பின்தொடர முடியும். அவர் பெயர் எப்போது மறைகிறது என்பதே ஒரு துப்பு.

பதிலாள் விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். படையில் சேர்ந்தவர்களைப் பதிந்த ஏடுகளில் இரண்டு பெயர்கள் அக்கம்பக்கமாக இருக்கும்: சீட்டு விழுந்தவர், அவருக்காகப் போனவர். சம்பளப் பட்டியலுக்கு வந்துவிட்டால் போனவர் பெயர் மட்டும்தான். அந்தப் பதிலாள் வேறு ஊர்க்காரராக, ஏன், வேறு கவுண்டிக்காரராகவே இருக்கலாம். ஒரு கவுண்டியின் படைப்பிரிவில் பெயர் இருக்கிறது என்பதற்காக அங்கேதான் பிறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். பதிலாள் பணத்துக்காக முன்கூட்டியே சந்தா கட்டிவைத்த சங்கங்கள்கூட இருந்தன. அதனால் சாதாரணக் கைவினைஞர்கூட ஆளை அமர்த்தியிருக்கலாம். பதிலாள் கொடுத்தவர் என்றாலே பணக்காரர் என்று நினைப்பதும் தவறு.

அப்புறம், படைக்குப் போனவர் மனைவி மக்களுக்கு ஊர் ஏழைநிதியிலிருந்து வாரப்படி கொடுத்தார்கள். பதிலாளின் குடும்பம் வேறு ஊரில் இருந்தால் அங்கே கொடுத்த பணத்தை அவர் யாருக்காகப் போனாரோ அந்த ஊரிடமிருந்து வசூலித்தார்கள். இந்தக் கணக்கில் மனைவி பெயரும் பிள்ளைகள் எண்ணிக்கையும் கிடைக்க வாய்ப்பு அதிகம். மிலிஷியா ஏட்டோடு நின்றுவிடுகிறவர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள். பெண்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத ஆவணங்களுக்கு நடுவே இப்படி ஒரு பெயர் கிடைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

தொழில் பெயரிலும் கவனம் தேவை. 'சர்வண்ட்' என்று இருந்தால் வீட்டு வேலைக்காரர் என்று நாம் படித்துவிடுகிறோம். 18-ஆம் நூற்றாண்டுக் கிராமத்தில் பெரும்பாலும் அது பண்ணையாள். கல்யாணம் ஆகாத இளைஞர், ஒரு வருட ஒப்பந்தத்தில் விவசாயி வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர். வருடம் முடிந்தால் அடுத்த பண்ணை, அடுத்த ஊர். ஆகவே அந்தப் பட்டியல் காட்டுவது அவர் அந்த வருடம் வேலை பார்த்த ஊரைத்தான், சொந்த ஊரை அல்ல.

இன்னும் பழைய ஏடுகளுக்குப் போனால் குறியீடுகள் வரும். 1608-இல் குளோஸ்டர்ஷயர் முழுவதும் எடுத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. 19,000-க்கும் மேற்பட்ட ஆண்கள், பலருக்குத் தொழிலோடு. கவுண்டியின் படைப் பொறுப்பில் இருந்த பெர்க்லி பிரபுவிடம் காரியஸ்தராக இருந்த ஜான் ஸ்மித் அதைத் தொகுத்தார். பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 1 என்றால் வயது சுமார் 20, 2 என்றால் சுமார் 40, 3 என்றால் 50-க்கும் 60-க்கும் நடுவில். எழுத்து உயரத்தைச் சொல்லும். 'பி' நெடிய ஆள், நீண்ட ஈட்டி பிடிக்கத் தக்கவர். 'எம்' நடுத்தர உயரம், மஸ்கட் துப்பாக்கிக்கு. அவரைவிடக் குட்டையானவருக்கு இன்னும் இலேசான துப்பாக்கி. எல்லாரிலும் குட்டையானவர் மண் வெட்டும் வேலைக்கு. நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தையல்காரர் நெட்டையா குட்டையா என்று தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய பேறு! ஆனால் '2' என்பதைச் சரியாக 40 என்று கணக்கிட்டு, பிறந்த வருடம் 1568 என்று வம்சாவளி மரத்தில் எழுதுகிறார்கள் பாருங்கள், அதுதான் தவறு. இருபதும் நாற்பதும்தான் அங்கே அளவுகோல். 33 வயதுக்காரர் எங்கே போய் நிற்பார்?

1662 சட்டத்தின் கீழ் வந்த பட்டியல்களுக்கு வேறு தர்க்கம். அப்போது சொத்துள்ளவர்கள் குதிரையும் ஆளும் ஆயுதமும் தர வேண்டியிருந்தது. அதில் உள்ள பெயர் பெரும்பாலும் செலவுக்குப் பொறுப்பேற்றவர் பெயர். ஒரு விதவையின் பெயர் அங்கே இருந்தால் அவர் வாளேந்தினார் என்று பொருளில்லை.

நெப்போலியன் காலத்தில் எடுத்த பட்டியல்கள் இன்னும் விரிவானவை. 1798-இல் பக்கிங்ஹாம்ஷயரில் 15 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களை எழுதினார்கள். அப்படிப்பட்டவற்றில் முழுமையாகக் கிடைப்பது அந்தக் கவுண்டிதான். 1803-இல் 17 முதல் 55 வரை. கல்யாணம் ஆனவரா, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை என்பதை வைத்து வகுப்பு பிரித்தார்கள். இவை படையெடுப்பு வந்தால் யார் கிடைப்பார்கள் என்று எடுத்த கணக்கு. இவர்களையும் மிலிஷியா வீரர்கள் என்று எழுதினால் ஊரே படைவீடாகிவிடும்.

பழைய கவுண்டி எல்லையும் இன்றைய எல்லையும் ஒன்றல்ல. அபிங்டன் இன்று ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் இருக்கிறது, 1974 வரை பெர்க்ஷயர். பட்டியல்கள் கவுண்டிக் காப்பகத்தில் மட்டும்தான் இருக்கும் என்றும் இல்லை. படைப் பொறுப்பில் இருந்த பிரபுக்களின் குடும்பக் காகிதங்களோடும் கலந்து கிடக்கும்.

அச்சிட்ட படியை மட்டும் நம்பாதீர்கள், முடிந்தவரை மூலத்தின் படத்தைப் பாருங்கள். ஜே, என், ஓ என்று சுருக்கி எழுதியிருந்தால் அது ஜான், ஜோனத்தன் அல்ல. முறையீட்டுக்குப் பிறகு அடித்துவிட்ட பெயர்கள் படியெடுத்தவர் கையில் சாதாரணப் பெயர்களாக மாறியிருக்கலாம். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. பிப்ரவரி தேதிகளில் ஒரு வருடம் பிசகும்.

1852-க்குப் பிறகு ஆட்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களின் சேர்க்கைப் படிவங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர்த்துறை) 96 என்ற தொகுப்பில் இருக்கின்றன. பிறந்த ஊர், தொழில் எல்லாம் இருக்கும். ஆனால் இவர்களுக்கு வருடத்தில் சில வாரப் பயிற்சிதான். மக்கள்தொகைக் கணக்கில் விவசாயக் கூலி என்றும் படிவத்தில் மிலிஷியா வீரர் என்றும் இருந்தால் இரண்டு வேறு ஆட்கள் என்று பிரித்துவிடாதீர்கள்.

கடைசியாக, என் சம்பந்தியம்மாவைப் பல மாதம் அலைக்கழித்த ஒன்று. நெசவாளியின் பேத்தி ஒருத்தி 1851 கணக்கெடுப்பில் கெண்ட் கடலோர ஊர் ஒன்றில் பிறந்ததாகச் சொல்லியிருந்தாள். நார்த்தாம்டன்ஷயர் குடும்பம், சுற்றிலும் வயல், அங்கே ஏன் போய்ப் பிறந்தாள்? ஆள் மாறிவிட்டது என்று அவளை மரத்திலிருந்து வெட்டிவிட்டிருந்தார். பிரான்ஸோடு போர் நடந்த 1793 முதல் 1815 வரை மிலிஷியாப் படைகளைச் சொந்தக் கவுண்டியில் வைக்காமல் கடலோரங்களுக்கும், போர்க்கைதிகளை அடைத்த முகாம்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். மனைவிகளில் சிலர் கூடவே போனார்கள், பிள்ளைகள் வழியில் பிறந்தார்கள். நார்த்தாம்டன்ஷயர் படையின் சம்பளப் பட்டியல்கள் டபிள்யூ.ஓ. 13 தொகுப்பில் இருக்கின்றன. குழந்தை பிறந்த மாதத்தில் படை எங்கே இருந்தது என்று அதில் பார்த்தோம். பிறகு அந்தக் கெண்ட் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தோம். அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'நார்த்தாம்டன்ஷயர் மிலிஷியா' என்று எழுதியிருந்தது. சம்பந்தியம்மா பென்சிலை எடுத்து அவளை மறுபடி மரத்தில் சேர்த்தார். அவர் தேடிய சிப்பாயும் அங்கேதான் இருந்தார், நெசவாளிக்கு ஒரு தலைமுறை கீழே.